ஒண்ணு போனா இன்னொண்ணு: தோல் ஊர்ல ஒரு கேட்வே வரலாறு

டிஸ்கி: நீளமான பதிவு. நெட்வொர்க் சமாச்சாரம் நிறைய வரும். ஆனா பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதப் பார்த்திருக்கேன். ஆம்பூர்னு எங்கேயோ கண்ணுல பட்டு பிரியாணியைத் தேடி வந்தவங்க மன்னிக்கணும், அது வேற பதிவு :)

ஆபீஸ்லயோ வீட்லயோ 'நெட் போச்சு'ன்னு சத்தம் கேட்டா நாம மொதல்ல போய்ப் பாக்கிறது ஒரு டப்பாவை. லைட் எரியுதா, பச்சையா சிவப்பா, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. அந்த டப்பாதான் கேட்வே. உள்ளே இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் வெளியுலகத்தோட பேசணும்னா அது வழியாத்தான் போயாகணும். வீட்டு வாசக்கதவு மாதிரி. கதவு மாட்டிக்கிச்சுன்னா உள்ளே இருக்கிறவன் உள்ளே, வெளியே இருக்கிறவன் வெளியே.

ரெண்டு கதவு வெச்சுட்டா முடிஞ்சுதேன்னு தோணும். எனக்கும் காலேஜ்ல படிக்கிறப்போ அப்படித்தான் தோணிச்சு. ஆனா அந்த ரெண்டாவது கதவைச் சுத்தி பேட்டண்ட், வக்கீல், கனடாவுல இருந்து ஒரு பாட்டு, கடலுக்கடியில அறுந்த கேபிள்னு ஏகப்பட்ட கதை இருக்கு. கதையோட ஒரு முனை எங்க ஊர்ப்பக்கத்துலயும் இருக்கு.

எங்க பக்கம்னா ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. முன்னாடி எல்லாமே வேலூர் மாவட்டம். 2019 நவம்பர்ல மூணாப் பிரிச்சதுல ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆச்சு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. போர்டு மாறிச்சு, காத்துல வர்ற தோல் வாசனை மாறல.

பாலாத்தங்கரையில ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்தின காலத்துல தோல்ஷாப்காரருக்கு வெளியுலகத்தோட பெரிய அவசரம் கிடையாது. பாதி பதப்படுத்தின சரக்கு மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போகும், அங்கிருந்து கப்பல் ஏறும். கடிதம் ஒரு வாரம் தாமதமானா குடி முழுகிப் போகாது. 1970-களின் தொடக்கத்தில் இந்த நிலைமை மாறியது. சீதாராமய்யா கமிட்டியின் பரிந்துரைப்படி மத்திய அரசு பாதி பதப்படுத்தின தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. தோலா அனுப்பாதே, முடிச்ச பொருளா அனுப்பு என்பதுதான் அதன் சாரம். அதுக்கப்புறம் ஃபினிஷ்டு லெதர், ஷூ அப்பர், முழு ஷூன்னு படிப்படியா வளர்ந்தது. ஷூ வந்ததும் கூடவே பையர் வந்தார். ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்துன்னு. இந்த சீசனுக்கு இந்தக் கலர், இந்தத் தையல், இந்தத் தேதிக்குள்ள சரக்கு. சாம்பிள் போகும், திருத்தம் வரும், மறுபடி சாம்பிள் போகும். டெலக்ஸ், ஃபேக்ஸ், அப்புறம் இமெயில். தபால்ல ஓடிக்கிட்டிருந்த ஊர் ஒரே தலைமுறையில ஒயருக்கு மாறிடுச்சு.

இந்தியாவில் பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ல். முதல் பட்டியல்லயே மெட்ராஸ் இருந்தது. 2005 ஜனவரியில பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் ஆரம்பிச்சது. அது வரைக்கும் 'கீ... கர்ர்...'னு கத்தற மோடம்தான் பல இடத்துல. மெயில் மட்டும்தான்னா, ஒரு மணிநேரம் நெட் போனா டீ குடிச்சுட்டு வரலாம். ஆனா அப்புறம் வந்த ரெண்டு விஷயம் டீ குடிக்க விடல.

முதலாவது பாலாறு சம்பந்தப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் குடுத்த வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குத் தீர்ப்பு சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் மனப்பாடம். மாசு பண்ணினவனே செலவை ஏத்துக்கணும்னு சொன்ன தீர்ப்பு. கழிவுநீரைச் சுத்திகரிக்காம தோல்ஷாப் நடத்த முடியாதுன்னு ஆச்சு. 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அடுத்த படிக்குப் போனது. தோல் உட்பட 17 வகைத் தொழில்களும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சென்சர் மாட்டி, அளவுகளை ஆன்லைன்ல நேரடியா அனுப்பிக்கிட்டே இருக்கணும்னு உத்தரவு. இங்கேதான் சிக்கல். நெட் போனா அந்த வரைகோட்டுல ஓட்டை விழும். ஓட்டை விழுந்த நேரத்துல மீட்டர் கெட்டுப் போச்சா, லைன் போச்சா, இல்ல ராத்திரி யாரோ வேணும்னே ஒயரைப் பிடுங்கிட்டு வேற வேலை பார்த்தாங்களான்னு அந்தப் பக்கம் உக்காந்து பாக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பாலாத்துல ஊத்து தோண்டித் தண்ணி எடுத்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கோட்டுல ஓட்டை விழக்கூடாதுன்னு எனக்கும் அக்கறை இருக்கு.

ரெண்டாவது இ-வே பில். 2018 ஏப்ரல்ல இருந்து, 50,000 ரூபாய்க்கு மேல போற சரக்குக்கு பில் நம்பர் இல்லாம லாரி கேட்டைத் தாண்ட முடியாது. சாயங்காலம் கிளம்பற லாரி ராத்திரியே சென்னைத் துறைமுகம் போய்ச் சேரணும், கப்பலுக்கு கட்-ஆஃப் இருக்கு. அவசரத்துக்கு மொபைல்ல போடலாமேன்னு கேப்பீங்க. ஒரு பில்லுக்குப் போடலாம். நாப்பது இன்வாய்ஸுக்கு?

ஆக, ரெண்டாவது கதவு ஆடம்பரம் இல்லைன்னு ஆயிடுச்சு. இப்போ அந்தக் கதவோட வரலாற்றுக்கு வரலாம்.

ஒரு கம்ப்யூட்டரை நெட்வொர்க்ல சேர்க்கும்போது 'வெளியே போக வேண்டியதை இந்த முகவரிக்குக் கொடு'ன்னு ஒரே ஒரு கேட்வே முகவரியை எழுதித் தர்றோம். 192.168.1.1 மாதிரி. அந்த முகவரிக்காரன் செத்துட்டா, பக்கத்துலயே இன்னொரு கேட்வே உயிரோட நின்னாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா போய் மாத்தணும். இதுக்கு சிஸ்கோ 1994-ல் ஒரு வழி பண்ணியது. ரெண்டு ரூட்டர் சேர்ந்து, ரெண்டுக்கும் சொந்தமில்லாத மூணாவது முகவரி ஒண்ணை வெச்சுக்கும். கம்ப்யூட்டர்களுக்கு அதைத்தான் சொல்லித் தருவோம். ரெண்டுல ஒண்ணு 'அது நான்தான்'னு பதில் சொல்லிக்கிட்டு, 3 விநாடிக்கு ஒரு தடவை 'இருக்கேன், இருக்கேன்'னு குரல் குடுத்துக்கிட்டே இருக்கும். 10 விநாடி குரல் கேக்கலைன்னா மத்தது அந்த முகவரியை எடுத்துக்கும். ஐபி முகவரி மட்டுமில்லாம மேக் முகவரியையும் சேர்த்து எடுத்துக்கறதால, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஆள் மாறினதே தெரியாது. ரெண்டு வாட்ச்மேன் ஒரே பேட்ஜை மாத்தி மாத்திக் குத்திக்கிற மாதிரி.

இதுக்கு எச்எஸ்ஆர்பின்னு பேர். இவ்வளவுதானா, இதை நானே யோசிச்சிருப்பேனேன்னு தோணுதா? யோசிச்சிருக்கலாம். ஆனா சிஸ்கோ 1994-ல் பேட்டண்டுக்கு விண்ணப்பம் போட்டு, 1995 டிசம்பர்ல கையில வாங்கியும் வெச்சுக்கிச்சு.

மத்த கம்பெனிகள் சும்மா இருக்குமா? அசெண்ட், நோக்கியா, டிஜிட்டல், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆட்கள் உக்காந்து, எல்லார் டப்பாவுக்கும் பொதுவா ஒரு முறையை எழுதினாங்க. இன்டர்நெட்டுக்கு விதி எழுதற ஐஇடிஎஃப் வழியா 1998 ஏப்ரல்ல ஆர்எஃப்சி 2338-ஆ வந்தது. பேரு விஆர்ஆர்பி. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் சிஸ்கோவோட எச்எஸ்ஆர்பி ஆர்எஃப்சி 2281-ஆ, 'தகவலுக்கு மட்டும்'னு வெளியாகியிருந்தது. விஆர்ஆர்பியும் எங்க பேட்டண்டுக்குள்ளதான் வருதுன்னு சிஸ்கோ சொல்லியது. நியாயமான கட்டணத்துக்கு லைசென்ஸ் தர்றோம்னும் சொல்லியது. பெரிய கம்பெனிக்கு அது ஒரு வரிச் செலவு. ஆனா சோர்ஸ் கோடை இலவசமா அள்ளிக் குடுக்கிறவங்க யாருக்காக, எத்தனை காப்பிக்குக் கணக்குப் பார்த்துக் காசு கட்டறது?

இந்த இடத்துலதான் ஓப்பன்பிஎஸ்டி ஆளுங்க வர்றாங்க. யூனிக்ஸ் வம்சத்துல வந்த ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். தியோ டி ராட் என்பவர் 1995-ல் ஆரம்பிச்சது, தலைமையிடம்னு சொன்னா கனடாவின் கால்கரியில் அவர் வீடு. லைசென்ஸ் விஷயத்துல ஒரு எழுத்தைக்கூட விட்டுக் குடுக்காத முரட்டுக் கூட்டம். 2001-ல் அவங்க பயன்படுத்திக்கிட்டிருந்த ஐபிஃபில்டர் என்ற ஃபயர்வால், திருத்தி வெளியிட அனுமதி தராதுன்னு தெரிஞ்சதும் அதை அப்படியே தூக்கி வெளியே போட்டாங்க. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டேனியல் ஹார்ட்மையர் புதுசா பிஎஃப் எழுதினார். அந்த வருஷம் டிசம்பர்ல வந்த 3.0 பதிப்புல அதுதான் இருந்தது. சில மாசத்துல ஒரு ஃபயர்வால்!

ஃபயர்வால் ஆச்சு, அடுத்தது ஜோடி ஃபயர்வால். விஆர்ஆர்பியையே எழுதிடலாம்னு பார்த்தா பேட்டண்ட் குறுக்கே நிக்குது. பல கடிதப் போக்குவரத்துக்கு அப்புறம், 2002 ஆகஸ்ட்ல சிஸ்கோவின் வக்கீல் விஆர்ஆர்பி எழுதினா எங்க பேட்டண்டை நாங்க காப்பாத்திக்குவோம்னு கறாராச் சொல்லிட்டார். சரி, இனி பேசிப் பயனில்லைன்னு முடிவு பண்ணி, பேட்டண்ட் கோருகிற வழியை விட்டு விலகி, வேற மாதிரி ஒண்ணை வடிவமைச்சாங்க. மைக்கேல் ஷலாயெஃப் 2002-லேயே தொடங்கி வெச்ச கோடு மேல ரயன் மெக்பிரைட் கட்டி எழுப்பினார். 2003 அக்டோபர்ல கோடு உள்ளே வந்தது. 2004 மே 1-ல் ஓப்பன்பிஎஸ்டி 3.5 பதிப்போட ஊருக்கு வந்தது. பேரு கார்ப்.

கார்ப்னா இங்கிலீஷ்ல கெண்டை மீன். இவங்க அப்போ ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பாட்டு போடற வழக்கம் வெச்சிருந்தாங்க. மீனுக்கு லைசென்ஸ் கேட்டு கவுன்ட்டர்ல நிக்கிற மான்டி பைத்தான் காமெடியை வெச்சு, கெண்டைக்கு லைசென்ஸ் வாங்கப் போற கதையா 3.5-க்கு நையாண்டி பண்ணினாங்க. பேட்டண்டை எதிர்த்துப் பாட்டுப் பாடிய புரோகிராமர் கூட்டம் வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஐபி பாக்கெட்ல வர்ற ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் ஒரு எண் உண்டு. டிசிபிக்கு 6, யுடிபிக்கு 17. அந்த எண்ணை ஒதுக்கித் தர்றது ஐஏஎன்ஏ. கார்ப்புக்கு எண் கேட்டு விண்ணப்பிச்சாங்க. தரப்படுத்தும் அமைப்பு வழியா வரலைன்னு மறுத்துட்டாங்க. 'அப்ப மதிப்புள்ள எதோடவும் மோதாத ஒரு எண்ணை நாங்களே எடுத்துக்கறோம்'ங்கற தோரணையில இவங்க எடுத்தது 112. அது யாரோட எண்? விஆர்ஆர்பியோடது! குறும்புன்னு சொல்றதா, கொழுப்புன்னு சொல்றதா, உங்க இஷ்டம். சிரிச்சுட்டேன், ஆனா அதுக்கான விலையை அப்புறம் வேற யார் யாரோ குடுத்தாங்க. கீழே சொல்றேன்.

வேலை செய்யற விதம் மேலோட்டமா எச்எஸ்ஆர்பி மாதிரிதான். விநாடிக்கு ஒரு அறிவிப்பு, மூணு அறிவிப்பு தவறினா மத்தவன் எழுந்துக்குவான். ஆனா அறிவிப்பை ரகசிய வார்த்தையோட ஹாஷ் பண்ணி அனுப்பும். அதனால, தெரியாத ஒருத்தன் நடுவுல புகுந்து 'இனி நான்தான் கேட்வே'ன்னு கத்த முடியாது. இதுல ஒரு வேடிக்கை. அதே 2004 ஏப்ரல்ல விஆர்ஆர்பியின் புது வடிவம் ஆர்எஃப்சி 3768-ஆ வந்தப்போ, அதுல இருந்த அடையாளச் சோதனையையே எடுத்துட்டாங்க.

என்னைக் கேட்டா, கார்ப்பை விடப் பெரிய விஷயம் கூடவே வந்த பிஎஃப்சிங்க். கேட்வே ஆள் மாறினா முகவரி மாறாது, சரி. ஆனா ஃபயர்வால் தன் மனசுக்குள்ள ஒரு பேரேடு வெச்சிருக்கும். உள்ளே இருந்து யார் யாரோட பேசிக்கிட்டிருக்காங்க, எது அனுமதிச்ச பேச்சுன்னு. புதுசா எழுந்த கேட்வே கிட்ட அந்தப் பேரேடு இல்லைன்னா, பாதியில இருக்கிற எல்லாப் பேச்சையும் 'நீ யாரு'ன்னு கேட்டு அறுத்துடும். பிஎஃப்சிங்க் அந்தப் பேரேட்டோட ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் பக்கத்துல இருக்கிற பெட்டிக்கு நகல் அனுப்பிக்கிட்டே இருக்கும். கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்தா அடுத்தவர் அதே வரியில இருந்து தொடர்வார். ஒரு பெரிய டிசைன் ஃபைல் பாதி இறங்கிக்கிட்டிருக்கும்போது ஒரு பெட்டியோட பவரைப் பிடுங்கினாலும், ஃபைல் ரெண்டு மூணு விநாடி திணறிட்டு மேல இறங்கும். இதை மொதல் தடவை கண்ணால பார்த்தப்போ நான் வாயைப் பொளந்தேன்.

பார்த்த இடம் ஆம்பூர். ஒரு ஷூ கம்பெனியில பல வருஷமா சிஸ்டம் டிபார்ட்மெண்டைப் பாத்துக்கிட்ட பாய் ஒருத்தர். இன்ஜினியரிங் மூணாவது வருஷ மினி ப்ராஜெக்டுக்காக அவர்கிட்ட போய் நின்னேன். கம்பெனி சர்வருக்கெல்லாம் காசு குடுக்கும், 'ஓடாம சும்மா நிக்கப் போற' ரெண்டாவது ரூட்டருக்குக் குடுக்காது. அதனால 2009 வாக்குல, அக்கவுண்ட்ஸ்ல இருந்து கழிச்சுக் கட்டின ரெண்டு பென்டியம் 4 பெட்டியை எடுத்து, ஆளுக்கு மூணு நெட்வொர்க் கார்டு சொருகி, ஃப்ரீபிஎஸ்டி போட்டு கார்ப் ஓட வெச்சிருக்கார். (கார்ப் 2005 மே மாசம் ஃப்ரீபிஎஸ்டி 5.4-லேயே வந்துடுச்சு. அப்புறம் அதையும் பிஎஃப்பையும் வெச்சு, மவுஸ்ல கிளிக் பண்ணியே வேலையை முடிக்கிற பிஎஃப்சென்ஸ் 2006-ல் 1.0 ஆச்சு.) ஒரு கார்டு உள்ளே, ஒரு கார்டு வெளியே, மூணாவது ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நேரடி ஒயர், பேரேடு போறதுக்கு. "ஏம் தம்பி, ரெண்டுல எது வேலை செய்யுது சொல்லு பாக்கலாம்?"னு கேட்டார். சத்தம் அதிகமா வர்றதைக் காட்டினேன். "அது ஃபேன் போச்சு"ன்னார் :)

லினக்ஸ் அன்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது. உங்க பக்கம் அலெக்சாண்டர் கசென் எழுதின கீப்அலைவ்டு இருந்தது, அது விஆர்ஆர்பியையே பேசியது. ஹார்ட்பீட் இருந்தது. இப்ப நான் வேலை பாக்கிற இடத்துலயும் கீப்அலைவ்டுதான். ஆனா அன்னிக்கு ஃபயர்வால் பேரேட்டையும் சேர்த்து இவ்வளவு சுளுவா நகலெடுத்தது பிஎஸ்டி பக்கம்தான்.

அமெரிக்க பேட்டண்ட் அமெரிக்காவுக்குள்ளதானே செல்லும், ஆம்பூர்ல விஆர்ஆர்பி ஓட்டினா யார் வந்து கேப்பான்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. நம்ம பேட்டண்ட் சட்டமும் 2002 திருத்தத்துல, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம் கண்டுபிடிப்பாகாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா ஆம்பூர்ல ஓடறது எங்கேயோ ஒருத்தர் உக்காந்து எழுதி, இன்னொரு இடத்துல இருந்து டவுன்லோடு ஆகி வரணுமே. எழுதறவன் கையைக் கட்டிட்டா ஓட்டறவனுக்கு எங்கிருந்து வரும்? அந்தப் பிடிவாதக் கூட்டம் 2003-ல் 'சரி போ'ன்னு விட்டிருந்தா, பாய் கழிச்சுக் கட்டின பெட்டியில அப்படி ஒரு ஜோடியை ஓட்டியிருக்க முடியாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அந்த சிஸ்கோ பேட்டண்ட் 2014-ல் காலாவதி ஆயிடுச்சு. விஆர்ஆர்பி இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கு, 2024 ஏப்ரல்ல ஆர்எஃப்சி 9568 வந்தது. சண்டை முடிஞ்சாலும் 112 மட்டும் ரெண்டு பேருக்கும் பொதுவாவே நின்னுடுச்சு. மேலே விலைன்னு சொன்னேனே, இதுதான். ரெண்டும் ஒரே எண், ஒரே மல்டிகாஸ்ட் முகவரி, மேக் முகவரியோட முன்பாதியும் ஒண்ணு. கடைசியில வர்ற குரூப் எண் மட்டும்தான் வித்தியாசம். இப்போ உங்க லைன்காரரோட ரூட்டர் விஆர்ஆர்பி குரூப் 1-ல் ஓடுது, அதே ஒயர்ல நீங்களும் கார்ப் குரூப் 1-ன்னு வெச்சீங்கன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே மேக் முகவரி. ஸ்விட்ச் பாவம், பாக்கெட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூக்கிப்போட்டுப் பைத்தியம் பிடிச்சு நிக்கும். டிசிபிடம்ப்ல பார்த்தாலும் கார்ப் பாக்கெட்டை விஆர்ஆர்பின்னே காட்டும். எல்லாரும் 1-ல்தானே ஆரம்பிக்கறாங்க! பாய் 1 பக்கமே போக மாட்டார். ஆம்பூர் எஸ்டிடி கோடு 04174, அதனால அவர் குரூப் எண் 174.

ரெண்டு பெட்டி வெச்சதும் பிரச்சினை தீர்ந்துடல. இடம் மாறிச்சு. முதல்ல அது கரண்டுக்குப் போச்சு. 2012-ல் சென்னையைத் தவிர மத்த மாவட்டங்கள்ல 12 மணிநேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம கிடந்தது ஞாபகம் இருக்கும். தோல்ஷாப்ல டிரம் சுத்தறது பாதியில நின்னா உள்ளே இருக்கிற தோல் பாழாப் போகும்னு ஜெனரேட்டர் உடனே எழுந்துக்கும். சிஸ்டம் ரூமுக்கு நடுவுல அந்தச் சில விநாடிக்கு யுபிஎஸ். ரெண்டு கேட்வேயும் ஒரே யுபிஎஸ்ல. ஒருநாள் யுபிஎஸ் பேட்டரி உயிரை விட்டது. மாஸ்டர், பேக்கப் ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு ஒரே நொடியில படுத்தாங்க. அப்புறம் ரெண்டாவது பெட்டிக்கு வேற யுபிஎஸ், வேற ஃபேஸ்.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. கார்ப்புக்குத் தெரிஞ்சதெல்லாம் பக்கத்துப் பெட்டி குரல் குடுக்குதா என்பது மட்டும்தான். பெட்டி நல்லா இருக்கு, அதுக்கும் மோடத்துக்கும் நடுவுல ஒயர் நல்லா இருக்கு, ஆனா மோடத்துக்கு அப்பால லைன் செத்துப் போச்சுன்னு வைங்க. கதவு திறந்துதான் இருக்கு, வெளியே ரோடு இல்லை. மாஸ்டர் பாட்டுக்கு 'இருக்கேன், இருக்கேன்'னு சந்தோஷமா கத்திக்கிட்டிருப்பார். இதுக்காக பாய் ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். வெளியே மூணு இடத்தை பிங் பண்ணும், மூணும் பதில் தரலைன்னா தன் மதிப்பைத் தானே இறக்கிக்கிட்டு மத்தவனுக்கு வழி விடும். ஏன் மூணு? ஒரு இடத்தை மட்டும் நம்பினா, அந்த இடம் மெயின்டனன்ஸுக்குப் போற அன்னிக்கு இவர் லைன் செத்ததா நினைச்சுக்குமாம்.

லைனும் ரெண்டு, ரெண்டு வேற வேற கம்பெனி. இதுக்கு மேல என்ன வேணும்? ஹைவேல ரோடு வேலை நடந்தப்போ ஒரு மத்தியானம் ரெண்டு லைனும் சேர்ந்து போச்சு. ஜேசிபி ஒரே வாய் கடிச்சதுல ரெண்டு ஃபைபரும் அறுந்திருக்கு. கம்பெனி ரெண்டு, பில் ரெண்டு, டவர் உச்சியில போர்டு ரெண்டு. மண்ணுக்கடியில சென்னை பெங்களூரு ரோட்டோரமா ஒரே பக்கம், அடுத்தடுத்த குழாய். தொலைத்தொடர்புக்காரங்க இதுக்கு ஷேர்டு ரிஸ்க் லிங்க் குரூப்னு பேரே வெச்சிருக்காங்க. பேரு இருக்கு, வாடிக்கையாளருக்குச் சொல்ற வழக்கம்தான் இல்லை. சேல்ஸுக்கு வர்ற தம்பிகிட்ட 'உங்க ஃபைபர் ரோட்டுக்கு எந்தப் பக்கம் வருது'ன்னு கேட்டுப் பாருங்க, முகம் போற போக்கு தெரியும்.

எங்க ரோட்டுக் குழியில நடந்த இதே கதை, அதுக்குச் சில வருஷம் முன்னாடி நாட்டுக்கே நடந்தது. 2008 ஜனவரி 30. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா கடல்பக்கம் ஃபிளாக், சீ-மீ-வீ 4 என்ற ரெண்டு கேபிளும் சில மணிநேர இடைவெளியில அறுந்தது. ரெண்டும் வேற வேற முதலாளி. ஃபிளாக் அப்போ ரிலையன்ஸ் கையில. சீ-மீ-வீ 4 பல நாட்டு கம்பெனிகள் கூட்டாப் போட்டது, மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகிறது. ஐரோப்பாவுக்கு ரெண்டு வழி வெச்சிருக்கோம்னு நம்பினவங்க எல்லாருக்கும், ரெண்டு வழியும் அந்த ஒரே கடல் மூலையில நெருங்கிப் போகுதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சது. இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பில் பாதியளவு போச்சுன்னு அப்போ செய்தி. கப்பல் நங்கூரம்னு மொதல்ல சொன்னாங்க. அந்த நேரத்துல அங்கே கப்பலே வரலைன்னு எகிப்து கேமரா பதிவை வெச்சு மறுத்தது. ரெண்டு நாள் கழிச்சு துபாய் பக்கம் ஃபால்கன் கேபிள் போச்சு, அங்கே நிஜமாவே ஒரு கைவிட்ட நங்கூரம் கிடைச்சது. அதே வருஷம் டிசம்பர் 19-ல் மத்தியதரைக் கடல்ல மறுபடியும் ஒரு கொத்து அறுந்தது. நான் அப்போ அஞ்சாவதோ ஆறாவதோ. ஷூ ஏற்றுமதிக்காரங்க பையருக்கு போன் போட்டு ஸ்பெல்லிங் சொன்ன கதையெல்லாம் பின்னாடி பாய் சொல்லித்தான் தெரியும்.

அன்னிக்கு நம்மளைத் தாங்கினது கிழக்கு வாசல். 2002-ல் வந்த ஐ2ஐ, 2004-ல் வந்த டாடா இன்டிகாம் கேபிள், ரெண்டும் சென்னையில இருந்து சிங்கப்பூருக்கு. லண்டனுக்குப் போற மெயில் சிங்கப்பூர், பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக்னு உலகத்தையே ஒரு சுத்து சுத்திப் போய்ச் சேர்ந்தது. மெதுவாத்தான், ஆனா சேர்ந்தது. எதிர்த்திசையில போற வழிங்கறதால அலெக்சாண்ட்ரியாவோட விதி அதுக்கு இல்லை.

சரி, அப்ப கிழக்கு வாசல் பத்திரமான்னா, 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னைக்குள்ள நுழைஞ்சது. கடலடி கேபிள் பாதிச்சிருக்குன்னு ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பியது. புயல் சென்னையில, நெட் இழுத்தது ஊர் ஊரா.

ஜேசிபி சம்பவத்துக்கு அப்புறம் பாய் மூணாவது லைனா ஒரு 4ஜி டாங்கிளை மாட்டினார். ஃபைபர் ரெண்டும் போனா சென்சர் அளவும் இ-வே பில்லும் மட்டும் அதுல போகும், மத்ததெல்லாம் காத்திருக்கும். யூடியூபுக்கு வழியே கிடையாது. தரை வழியா இல்லாம காத்து வழியா போறதால ஜேசிபிக்குப் பயமில்லைன்னு நான் சொன்னேன். "டவர் வரைக்கும் காத்து, தம்பி. டவர்ல இருந்து?"ன்னார். டவருக்கும் கீழே ஃபைபர்தான் வருது. அது ஹைவேக்கு எந்தப் பக்கமா வருதுன்னு அந்த கம்பெனி கஸ்டமர் கேருக்கு மூணு தடவை போன் போட்டிருக்கார். மூணு தடவையும் புது பிளான் பத்தித்தான் சொன்னாங்களாம்.